ஷன்ட் வெச்சாச்சு... அதோட முடிஞ்சுதா?

கைக்குழந்தையின் தலை மட்டும் நாளுக்கு நாள் பெரிதானால், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துத் தாய்மார்கள் பெங்களூருக்குப் பஸ் ஏறுவது வழக்கம். நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பதே பெங்களூரின் ஓசூர் ரோட்டில்தானே! ஆபரேஷன் முடிகிறது. 'ஷன்ட்' என்ற டியூபோடு குழந்தை வீடு திரும்புகிறது. 'அப்பாடா!' என்று பெருமூச்சு விடுகிறோம். என் கருத்து, அங்கேதான் நம் பொறுப்பே ஆரம்பமாகிறது.

பெரியவர்களின் மூளையில் தினமும் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து, ரத்தத்தில் கலந்து வடிகிறது. வழி அடைபட்டால் நீர் தேங்கும். அதை மூளையிலிருந்து வயிற்றுக்கு இறக்கிவிடும் சிலிக்கான் குழாய்தான் ஷன்ட். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடும். நடுவில் ஒரு வால்வு. 1950-களில் அமெரிக்காவில் இந்த வால்வை உருவாக்கியவர் ஜான் ஹோல்டர் என்ற தொழிற்சாலை டெக்னீஷியன். இதே நோய் வந்த தன் மகனுக்காகவே முனைந்தார்! சிப்காட் ஊர்க்காரர்களுக்கு இது பெருமையான செய்திதான்.

ஆனால் குழாய் என்றால் அடைப்பும் வரும். பத்துக் குழந்தைகளில் மூன்று, நான்கு பேருக்கு முதல் வருஷத்திலேயே கோளாறு வரலாம். வாந்தி, தலைவலி, ஓயாத தூக்கம், உச்சிக்குழி புடைப்பு... இவற்றை 'அஜீரணம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

அபூர்வமான விபரீதங்களும் உண்டு. குழாயின் நுனி குடலில் உரசி உரசித் துளைத்து, ஆசனவாய் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். மிக அரிதாக வாய் வழியாகவும் வரும். தொப்புளிலும் வந்திருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு விதைப்பைக்குள் இறங்கி வீங்கும். குடல் துளைப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். வேடிக்கை என்னவென்றால், பல குழந்தைகளுக்கு வயிற்றுவலிகூட இருக்காது!

'ஏதோ புழு' என்று இழுத்துவிடாதீர்கள். வெட்டவோ, உள்ளே தள்ளவோ கூடாது. குடல் கிருமிகள் குழாய் வழியே மூளைக்கு ஏறிவிடும். சுத்தமான துணியால் மூடி, சாப்பிட எதுவும் கொடுக்காமல், உடனே மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

எல்லையோர ஊருக்கு இன்னொரு சிக்கல். ஆபரேஷன் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். நடுராத்திரிக் காய்ச்சலோ இந்தப் பக்கம்! வேலைக்காக வீடு மாறும் குடும்பங்கள் வேறு. பழைய ஃபைல் எந்தப் பெட்டியிலோ. புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு, உள்ளே குழாய் இருப்பதை யார் சொல்வது? ஷன்ட் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்ன அட்டை கொடுத்தே அனுப்ப வேண்டும். எந்த வகை ஷன்ட், எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி, அவசர போன் நம்பர். கூடவே, ஆபத்து அறிகுறிகள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும். ஓசூர் பேசுவது மூன்று பாஷை ஆயிற்றே!

ஆஸ்பத்திரிகள் தரும்வரை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, பாட்டி, பக்கத்து வீடு, பள்ளிக்கூட டீச்சர் எல்லோரிடமும் கொடுத்து வையுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் போதும். இன்றைக்கே செய்யலாமே!