விளையாட்டுக்குப் பின்னே உழைப்பு

விடுமுறை நாட்களில் கருவேப்பிலங்குறிச்சியில் எந்தத் திண்ணையை நோக்கினும், கைப்பேசித் திரையில் வண்டி ஓட்டியும் துப்பாக்கி ஏந்தியும் விளையாடும் சிறுவரைக் காண்கிறோம். "போதும், வை" என்று கடிந்துகொள்ளும் நாம், அவ்விளையாட்டை ஆக்கித் தருவோரைப் பற்றி எண்ணியதுண்டோ? விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்குப் பின்னே களிமண் குழைத்த கையும், சூளையருகே வியர்த்த உடலும் இருப்பதை அறிவோம். கணினி விளையாட்டுக்குப் பின்னேயும் அத்தகைய உழைப்பாளர் உளர்.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், தம் பெயரை மறைத்துப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். வாரத்திற்கு 85 மணி நேரம் வரை வேலை. மிகைநேர ஊதியம் இல்லை. உடலோ நலிகிறது என்பதே அதன் சாரம். அந்நிறுவனத்தின் ஓவியக் கலைஞர்கள் தொடுத்த வழக்கில், 1 கோடியே 56 இலட்சம் டாலர் வழங்க 2005இல் நிறுவனம் இசைந்தது. வெளியீட்டு நாள் நெருங்குகையில் இரவு பகலாக உழைக்கவைக்கும் இவ்வழக்கத்திற்கு, அத்தொழிலில் 'கிரஞ்ச்' என்று பெயர்.

இழப்பீடு ஒருமுறை வரும். நல்ல பணிநிலை நிலைத்து நிற்கக் கூட்டுக்குரல் வேண்டும். ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் விளையாட்டின் பிழைகளைச் சோதிப்போர், உடன் பணியாற்றிய சிலர் நீக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 2022 மே மாதம், 19க்கு 3 என்ற வாக்கில் சங்கம் கண்டனர்.

இது நமக்குப் புதிதன்று. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, வாடியாவும் திரு.வி.க.வும் துணைநின்றனர். கணினித் துறையினரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. பழைய தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்துள்ளது. அதன்படியும் ஏழு பேர் கூடிச் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளரில் 10 விழுக்காட்டினரோ 100 பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருத்தல் வேண்டும்.

தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது இயற்கை தந்த உரிமை என்று, 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் பாப்பரசர் 13ஆம் லியோ எடுத்துரைத்தார். 2025இல் பொறுப்பேற்ற 14ஆம் லியோ, அப்பெயரைத் தேர்ந்ததற்கு அம்மடலையே முதன்மைக் காரணமாகச் சுட்டினார்.

"சங்கம், கொடி என்று போய் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே" என நகரத்திலுள்ள பிள்ளைக்குத் தொலைபேசியில் புத்தி சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். அவ்வச்சம் பொய்யன்று. கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பத்திற்கு அச்சம்பளமே ஆதாரம். ஆயினும், தனித்து நிற்பவனை வேலையினின்று நீக்கினால், அவனுக்காகக் கேட்பார் யார்?

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை பேசுகையில் "சம்பளம் வந்ததா?" என்பதோடு நில்லாமல், "நேற்று எத்தனை மணிக்கு வீடு திரும்பினாய்? ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டா?" என்றும் கேட்போம். வரும் விடை நெஞ்சை வருத்துமாயின், "பொறுத்துக்கொள்" என்று மட்டும் கூறாது, "உடன் உழைப்போரோடு கலந்து பேசு, நாங்கள் இருக்கிறோம்" என்று கூறுவோம்.