சித்தப்பாவா, மாமாவா? ஹார்டு டிஸ்க்கின் பெயர்க் குழப்பம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ‘இதுலயே லினக்ஸும் போட்டுடறேன்ப்பா’ என்ற குரல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கும். ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ‘டூயல் பூட்’ என்பது இதைத்தான். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததை அந்தக் காலத்து பிளஸ் டூ மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸ் போட்டு முடித்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, “டி டிரைவ் எங்கேப்பா?” என்பதுதான். கல்யாண போட்டோ, பத்திரத்தின் ஸ்கேன் காப்பி எல்லாம் அதில்தானே இருக்கிறது! அது எங்கும் போகவில்லை. ‘டி’ என்ற பெயர்தான் அங்கே இல்லை.

நம் குடும்பங்களில் ஒரே மனிதர் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமா. கூப்பிடுகிறவர் மாறினால் முறையும் மாறும், ஆள் மாறுவதில்லை. சி, டி, ஈ என்பவையும் அப்படி விண்டோஸ் வைத்துக் கூப்பிடும் முறைப் பெயர்கள்தான். அவை டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டவை அல்ல. விண்டோஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவை. ஏன் ‘சி’யில் தொடங்குகிறது என்றால், ஏ, பி இரண்டையும் பழைய ஃப்ளாப்பி டிரைவ்கள் பிடித்துக்கொண்டன. ஃப்ளாப்பி ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்த இரண்டு நாற்காலிகள் பொதுவாகக் காலியாகவே கிடக்கின்றன.

லினக்ஸ் வேறு மாதிரி கூப்பிடும். சாட்டா ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், யு.எஸ்.பி-யில் செருகும் வெளி ஹார்டு டிஸ்க் எல்லாமே அதற்கு ‘எஸ்டி’ குடும்பம். முதலில் கண்ணில் பட்டது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. அதிலுள்ள பகுதிகள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று போகும். புது லேப்டாப்களில் இருக்கும் என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி-க்கு வேறு பெயர். அதில் விண்டோஸின் சி டிரைவ் பெரும்பாலும் ‘என்விஎம்இ0என்1பி3’ என்று வரும். 3 ஏன்? விண்டோஸ் நம் கண்ணில் காட்டாமல் சி-க்கு முன்பே இரண்டு சின்னப் பகுதிகளை வைத்திருக்கும். லினக்ஸ் எதையும் மறைக்காது, எல்லாவற்றையும் எண்ணிவிடும்.

பெயர் மாறுவதில் என்ன ஆபத்து? இங்கேதான் பல வருட போட்டோக்கள் ஒரு நிமிடத்தில் போகின்றன.

சாட்டா டிஸ்க் காலத்தில் எழுதிய குறிப்புகள் பலவும் ‘எஸ்டிஏ-வைத் தேர்ந்தெடு’ என்று சொல்லும். அந்த லேப்டாப்புக்கு அது சரி. ஆனால், என்விஎம்இ இருக்கும் லேப்டாப்பில் எஸ்டிஏ என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கே அல்ல. அப்போது செருகியிருக்கும் பென் டிரைவாகவோ, குடும்பப் படங்கள் அத்தனையும் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்காகவோ இருக்கலாம். போதாக்குறைக்கு, இரண்டு டிஸ்க் இருந்தால் நேற்று எஸ்டிஏ-வாக இருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். எது முதலில் விழித்தெழுந்ததோ அதற்கு முதல் எழுத்து, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. லினக்ஸில் ‘எக்ஸ்ட்4’ முறையில் ஃபார்மட் செய்த வெளி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், அதற்கும் ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டு, ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விண்டோஸுக்கு அந்த மொழி தெரியவில்லை. வீட்டில் யாராவது அவசரத்தில் ‘சரி’ சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சாதாரணமாகக் கேட்க கம்ப்யூட்டரால்தான் முடியும். அங்கே அழுத்த வேண்டியது கேன்சல் மட்டுமே.

அளவை வைத்து அடையாளம் பார்க்கலாமே என்றால், அதிலும் இரண்டு கணக்கு. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். உபுண்டு 1 டிபி என்றே காட்டும். 512 ஜிபி எஸ்.எஸ்.டி விண்டோஸில் 476 ஜிபி. யாரும் எதையும் திருடவில்லை. ஒன்று 1024-ஆல் வகுக்கிறது, மற்றது 1000-ஆல் வகுக்கிறது.

அப்படியானால் எதை நம்புவது? முறைப் பெயரை விட்டுவிட்டு, டிஸ்க்குக்குச் சொந்தப் பெயர் வைத்துவிடலாம். விண்டோஸில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, டி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ரீநேம்’ கொடுத்து, ‘போட்டோஸ்’ என்றோ ‘வீடு’ என்றோ ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதினால் போதும். இந்தப் பெயர் டிஸ்க்கிலேயே பதிவாகிறது. லினக்ஸுக்குப் போனாலும் ஃபைல்ஸ் பக்கத்தில் அதே பெயர்தான் தெரியும். அப்பாவும் தேடி அலைய வேண்டாம். பென் டிரைவ்களில் பெயர் பெரும்பாலும் 11 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

இது தவிர ஒவ்வொரு பகுதிக்கும் ஆதார் எண் போல ‘யுயுஐடி’ என்ற நீண்ட எண் உண்டு. உபுண்டு தன் பகுதிகளைத் தேடிப் பிடிப்பது இதை வைத்துத்தான். எஸ்டிஏ, எஸ்டிபி இடம் மாறினாலும் அது குழம்பாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஃபார்மட் செய்தால் இந்த எண்ணும் புதிதாகிவிடும்.

லினக்ஸ் போட உட்காரும் பிள்ளையிடம் வீட்டில் உள்ளவர்கள் இரண்டு விஷயம் கேட்டால் போதும். ‘போட்டோவெல்லாம் வேற இடத்துல காப்பி எடுத்துட்டியா?’ என்பது ஒன்று. ‘அந்த வெளி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிட்டியா?’ என்பது இன்னொன்று. இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவைத் தவிர வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது. ‘எரேஸ் டிஸ்க்’ என்ற வரி திரையில் வந்தால், எஸ்டிஏ என்ற எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பக்கத்தில் இருக்கும் கம்பெனி பெயரையும் மாடல் எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் அந்த வரியைத் தொடவே கூடாது. ‘விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவு’ என்ற பொருளில் வேறு ஒரு வரி இருக்கும்.