புண் ஆக்கியவர் நாம், பழி ஈக்கா?

“மாட்டுக்குப் புழு வைத்துவிட்டது, எல்லாம் அதன் தலையெழுத்து” என்கின்றனர் நம்மவருட் சிலர். தலையெழுத்தன்று, நம் கைவினை! மூக்கணாங்கயிற்றை இறுக்கி மூக்கை அறுத்தவர் யார்? நுகத்தடியால் கழுத்தைப் புண்ணாக்கியவர் யார்? காய்ச்சிய இரும்பால் சூடிட்டவர் யார்? பிறந்த கன்றின் கொப்பூழுக்கு மருந்திடாது விட்டவர் யார்? ஈ புண்ணைத் தேடி வருகின்றது. அதனைத் திறந்து வைத்துக் காத்திருப்பவன் மாந்தனே.

ஈக்களெல்லாம் ஓரினமல்ல. பலவற்றின் புழுக்கள் அழுகலை உண்பன. திருகுபுழு ஈயின் புழுவோ உயிருள்ள தசையையே தின்னும். அதன் ஆசிய இனம் நம் நாட்டிலும் உண்டு. புண்ணின் ஓரத்தில் அது நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒட்டி வைக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் அவை பொரிக்கும். புழுக்கள் தலையை உட்புதைத்துக் குடைந்து, ஒரு கிழமையளவு தின்று, மண்ணில் விழுந்து கூடுகட்டி, மீண்டும் ஈயாகும். புண்ணின் நாற்றம் மேலும் ஈக்களை அழைக்கும். முதல் நாள் பார்த்தவன் மாட்டைக் காத்தான். பத்தாம் நாள் பார்த்தவன் தோலை விற்றான்!

அமெரிக்கக் கண்டத்திலும் இதன் உறவின ஈ உண்டு. அதன் பெண்ணீ வாழ்நாளில் ஒருமுறையே கூடும் என்னும் உண்மையை நிப்ளிங்கு, புசுலாண்டு என்னும் அறிஞர் இருவர் பயன்கொண்டனர். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆணீக்களை வானூர்தியிலிருந்து விடுத்து, 1954-இல் குராசோத் தீவிலும், 1982-க்குள் அமெரிக்க ஒன்றிய நாட்டிலும், 1991-இல் மெக்சிக்கோவிலும் அந்த ஈயை ஒழித்தனர். ஆயினும் 2023-இல் பனாமாவில் அது மீண்டும் பெருகியது. 2024 நவம்பரில் மெக்சிக்கோவுக்குள் புகுந்தது. புண்ணுற்ற மாட்டை ஆராயாது எல்லை கடத்தினால் ஈயும் உடன் கடக்கும். கண் விழித்திராவிடின் வானூர்தியும் காவாது!

இங்கோ சிலர், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சைப் புண்ணில் ஊற்றுகின்றனர். மாடு அதனை நக்காதா? பாலில் அது கலவாதா? ஈயைக் கொல்லப் போய்ப் பிள்ளைக்கு நஞ்சூட்டுவதோ உழவாண்மை?

செய்ய வேண்டுவது எளிது. புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கொன்றுவிடுங்கள். தரையில் உதறினால் ஈயாகித் திரும்பும். முதல் நாள் சீத்தாவிலையை அரைத்துப் பூசுங்கள். அல்லது சூடம் கலந்த தேங்காயெண்ணெய் இடுங்கள். மறுநாள் முதல் வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி இடுங்கள். புழு ஆழக் குடைந்திருப்பின் காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஆனால், மருந்துப் புட்டிகள் பலவற்றின்மேல் ஆங்கிலமன்றோ ஆட்சி செய்கின்றது! மருந்திட்டபின் எத்துணை நாள் பாலை விலக்குவது என்பதைக் கறப்பவள் படித்தறிய வேண்டாவா? அவளுக்கு விளங்காத எச்சரிக்கை யாருக்காக? தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள், தரும்வரை கேளுங்கள்.

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டவன் தமிழன். அச் செல்வத்தைப் புழு தின்னக் கொடுத்துவிட்டுத் தலையெழுத்தை நோவது நாணமன்றோ? நாளை விடியலில் தொழுவம் செல்லுங்கள். கொம்படி முதல் குளம்பிடை வரை கையால் தடவிப் பாருங்கள். அந்தக் கைதான் காப்பு!