குட்டி ரசிகனுக்கு டிக்கெட் இல்லை

குமணன்சாவடியில் இருந்து படம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத் தியேட்டருக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஈவிபி, இன்னொரு பக்கம் போரூர் ஜி.கே., கொஞ்சம் சுற்றினால் அம்பத்தூர் ராக்கி. பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற படத்துக்குத்தான் பஞ்சம். 2025-ல் வந்த சில படங்களை வைத்து இந்த வாரம் அதைப் பேசலாம்.

முதலில் 'கூலி'. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த ரஜினிக்கு இது திரையில் 50-வது ஆண்டு. லோகேஷ் கனகராஜ் இயக்கம், அனிருத் இசை. 'மோனிகா' பாட்டுக்கு ஆடாத வாண்டுகள் நம்ம தெருவில் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 14-ம் தேதி படம் வந்தபோது அதே வாண்டுகளுக்குத் தியேட்டரில் இடம் இல்லை. தணிக்கை வாரியம் கொடுத்தது 'ஏ' சான்றிதழ். 18 வயதுக்குக் கீழே இருந்தால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் உள்ளே விடக் கூடாது. டிக்கெட் போட்டுவிட்டு வாசலில் வந்துதான் இதைத் தெரிந்துகொண்ட குடும்பங்களும் உண்டு.

படம் எப்படி? 'மிஸ்டர் பாரத்' வந்தது 1986-ல். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து ரஜினியும் சத்யராஜும் ஒரே படத்தில் என்றால் என்ன எதிர்பார்ப்போம்? அது கிடைக்கவில்லை. நாகார்ஜுனா ஸ்டைலாக வருகிறார், ஆனால் பயமுறுத்துகிற வேலையை சௌபின் ஷாஹிர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். படத்திலேயே நல்ல நடிப்பு அவருடையதுதான். உபேந்திராவும் ஆமிர் கானும் வந்தால் விசில் பறக்கிறது, கதை நகரவில்லை. இளமையான ரஜினி வரும் அந்தச் சில நிமிடங்களுக்காக டிக்கெட் காசை மன்னிக்கலாம். மற்றபடி வெட்டு, குத்து, பிணத்தை எரிக்கிற மெஷின் என்றுதான் போகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க எனக்கு மனசு வராது. 'ஏ' கொடுத்தது சரிதான்.

தயாரிப்பாளர் தரப்பு அப்படி நினைக்கவில்லை. 'யு/ஏ' வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 'கே.ஜி.எஃப்', 'பீஸ்ட்' படங்களுக்கெல்லாம் கொடுத்தீர்களே என்பது அவர்கள் கேள்வி. ஆகஸ்ட் கடைசியில் மனு தள்ளுபடியானது. கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2023-ல் வந்த 'ஜெயிலர்' படத்தில் தலை துண்டாகிற காட்சியை எத்தனை குழந்தைகள் பார்த்தார்கள்! அதற்காக இந்தப் படத்துக்கும் கதவைத் திற என்பது எப்படி சரியாகும்? அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. தியேட்டரில் நுழைய முடியாத படம், நாலே வாரத்தில், செப்டம்பர் 11-ம் தேதி அமேசான் பிரைமுக்கு வந்துவிட்டது. வாசலில் நிறுத்தப்பட்ட பையன், வீட்டில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்? அங்கே காவலாளி நாம்தான்.

'விடுதலை' இரண்டு பாகங்களும் 'ஏ'தான். வெற்றிமாறன் பெரியவர்களுக்கான படம் எடுத்தார், பெரியவர்கள் போய்ப் பார்த்தோம், யாரும் ஏமாறவில்லை. 'கூலி'யில் என் வருத்தம் அங்கேதான். பாட்டையும் போஸ்டரையும் குழந்தைகள் வரைக்கும் கொண்டுபோய்விட்டு, படத்தை மட்டும் பெரியவர்களுக்கு எடுப்பது என்ன நியாயம்? யாருக்கான படம் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்னாடியே முடிவு செய்ய வேண்டாமா?

சரி, எல்லாரும் சேர்ந்து பார்க்கிற படத்தை யார்தான் எடுத்தார்கள்? சின்ன பட்ஜெட்காரர்கள்.

மே 1-ம் தேதி சூர்யாவின் 'ரெட்ரோ'வும் சசிகுமாரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வந்தன. 'ரெட்ரோ'வில் அந்தக் கல்யாண மண்டபத்து நீளமான ஒரே ஷாட் அசத்தல். கதை தீவுக்குப் போனதும் வழி தவறிவிட்டது. 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எடுத்த அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்து, சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பம். யாரோடும் பேசாதே என்று சொல்லிக் கூட்டி வந்த குடும்பம், முகம் கொடுக்காத ஒரு தெருவையே சொந்தமாக்கிவிடுகிறது. போலீஸ் துரத்தல் பகுதி பலவீனம், எல்லாருமே நல்லவர்கள் என்பதும் கொஞ்சம் ஓவர். ஆனாலும் அந்தச் சாவு வீட்டுக் காட்சியில் கண் கலங்காதவர் இல்லை. சின்னப் பையன் கமலேஷ் அடிக்கிற லூட்டிக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரிக்கும்.

ஜூலை 4-ம் தேதி வந்த '3 பிஹெச்கே' நம்ம ஏரியா கதை மாதிரியே இருந்தது. பூந்தமல்லி ரோடு நெடுக அடுக்குமாடி விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வாடகை கட்டுகிறவர்களுக்குச் சரத்குமாரின் பெருமூச்சு நன்றாகவே புரியும். வீட்டுக்குச் சேர்த்த பணம் ஒவ்வொரு தடவையும் படிப்பு, ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று கரைகிறது. 'சூர்யவம்சம்' ஜோடியான தேவயானி, பேசாமலே பாதி வசனத்தைச் சொல்லிவிடுகிறார். இரண்டாம் பாதியில் சித்தார்த்தின் கஷ்டங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

அதே நாளில் வந்தது ராமின் 'பறந்து போ'. இஎம்ஐ கட்ட ஓடுகிற அப்பா அம்மா, பூட்டிய ஃபிளாட்டில் தனியாக ஒரு பையன். அவனை பைக்கில் வைத்துக்கொண்டு சிவா ஊர் சுற்றுகிறார், அவ்வளவுதான் கதை. பாட்டுகள் அதிகம். ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது பிள்ளையின் கையை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இப்போது 'யு/ஏ' என்பது ஒன்றல்ல. 7+, 13+, 16+ என்று மூன்று வகை. வயது குறைவான குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்பதை இந்த மூன்றிலும் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். 'ஏ' என்றால் அந்த உரிமை நமக்கும் கிடையாது. டிக்கெட் ஆப்பில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இது போட்டிருக்கும். ஒரு நொடி பார்த்துவிட்டால் வாசலில் குழந்தை அழ வேண்டியதில்லை.

ஸ்டார் படத்துக்கு முதல் நாள் முண்டியடிக்கிற நாம், சின்னப் படம் என்றால் "ஓடிடியில் வரட்டும்" என்கிறோம். முதல் வாரம் தியேட்டர் காலியாக இருந்தால், இரண்டாவது வாரம் அந்தப் படத்துக்கு ஷோ இருக்காது. இப்படிப் படம் எடுக்க அடுத்து ஒருத்தர் துணிவதும் அந்த முதல் வாரக் கூட்டத்தைப் பொறுத்துதான். அடுத்த முறை வீட்டோடு பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் படம் வந்தால், முதல் சனிக்கிழமையே பாட்டிக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள்.