மஜ்லிஸும் நம்மூர் மைக்கும்



போன சனிக்கிழமை நடந்த மென்பந்து இறுதிப் போட்டியைப் பற்றி நாங்கள் எழுதிய நாலு வரிக்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் வாசித்தோம். "கோல்ஃப் பார்க்க வருகிற சனத்தைப் பாருங்கள்" என்று எழுதியதுதான் பலருக்குச் சுட்டிருக்கிறது. 'பணக்காரன் விளையாட்டை இங்கே கொண்டு வராதீர்கள்' என்று ஒருவர். 'சேர்மாருக்கு துபாய் பார்த்த பெருமை' என்று இன்னொருவர். பெருமையோ என்னவோ, கண்டதைச் சொல்கிறோம்.

துபாயில் வேலை செய்யும் தம்பியிடம் ஒரு ஜனவரியில் நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பில் டெசர்ட் கிளாசிக் நடந்துகொண்டிருந்தது. 1989இல் தொடங்கிய போட்டி. நுழைவுக்குக் காசில்லை, இணையத்தில் பதிந்தால் போதும் என்று தம்பி சொன்னதால்தான் போனோம். அந்தத் திடலுக்குப் பெயரே மஜ்லிஸ். பெயரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு உள்ளே போனவர்கள், மஜ்லிஸின் அதபை அங்கேதான் பார்த்தோம்.

கோல்ஃபில் பார்வையாளனுக்குக் கதிரை ஓரிடத்தில் இல்லை. பிடித்த வீரனோடு கூடவே நடக்க வேண்டும். பதினெட்டுக் குழியும் முடிய ஏழெட்டுக் கிலோமீற்றர் வரும். நடுவில் இருப்பது ஒரு கயிறு மட்டும். கை நீட்டினால் வீரனைத் தொடலாம், அவ்வளவு கிட்ட. அவன் மட்டையோடு நின்றதும் மார்ஷல்கள் கையை உயர்த்துவார்கள். ஆயிரம் பேர் வாயை மூடுவார்கள், நடந்தவன் நடந்த இடத்திலேயே நிற்பான். பந்து போன பிறகுதான் சத்தம். பதினெட்டாம் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பையனின் பந்து அதற்குள் விழுந்தது. "ஆ..." என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ஒருவரும் ஹூ அடிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி அவன் ஆட்டத்தை முடித்தபோது, வென்றவனுக்குத் தட்டுவது போலக் கை தட்டினார்கள்.

அமெரிக்காவின் ஒகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும்போது பார்வையாளர் கைத்தொலைபேசி கொண்டு போக முடியாது, ஓடவும் கூடாது. அந்தப் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பொபி ஜோன்ஸ், ஒரு வீரனின் பிழைக்கும் துரதிர்ஷ்டத்துக்கும் கை தட்டுவதுதான் இந்த விளையாட்டை நேசிப்பவர்களுக்கு மிகவும் வேதனை தருவது என்று 1967இல் எழுதி வைத்தார். அது இன்றைக்கும் பார்வையாளர் கையேட்டில் அச்சாகிறது.

'அப்போ வெள்ளைக்காரனிடம் ஒழுக்கம் படிக்கவா?' என்று கேட்கிறவர்களுக்கு நாங்களே உதாரணம் தருகிறோம். 2025 செப்டம்பரில் நியூயோர்க்கின் பெத்பேஜில் ரைடர் கிண்ணம் நடந்தது. ஐரோப்பா 15க்கு 13 என்று வென்றது. ஆனால் உலகம் பேசியது ரோரி மக்கில்ரோயை அங்கே வைத துர்வார்த்தைகளைத்தான். அவர் மனைவியின் பக்கம் குடிபானத்தை வீசினார்கள். மைக் பிடித்து அறிவிப்புச் செய்த பெண்ணே அவருக்கு எதிரான கெட்ட கோஷத்தில் சேர்ந்துகொண்டார், பிறகு மன்னிப்புக் கேட்டு விலகினார். அதற்கு முந்திய வருடம் பீனிக்ஸில் சனம் கட்டுமீறி, சனிக்கிழமை வாசலைப் பூட்டி மதுபான விற்பனையையும் நிறுத்த வேண்டி வந்தது. ஆக, பிறப்பிலேயே வந்த ஒழுக்கம் என்று அங்கேயும் ஒன்றும் இல்லை. கயிறும் மார்ஷலும், பிழை செய்தவனை வெளியே அனுப்பும் துணிவும் இருந்தால் சனம் அடங்கும். மைக்கே வைய ஆரம்பித்தால் அடங்காது.

இப்போது நம்மூருக்கு வருவோம். அந்த இறுதிப் போட்டியில் கடைசி ஓவரில் பிடியை விட்டவன் எங்கள் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை. பந்து நிலத்தில் விழுந்ததும் மைக்கில் வந்தது என்ன? அவனுடைய வாப்பா மீன் விற்பதைச் சொல்லி ஒரு பகிடி. அதற்கு மைதானமே சிரித்தது. சிரித்தவர்களில் பள்ளிவாசல் முன்வரிசைக்காரர்களும் இருந்தார்கள், எங்கள் ஆசிரியர்களும் இருந்தார்கள். மறைக்க மாட்டோம், எங்களில் ஒருவரும் சிரித்துவிட்டுத்தான் வாயைப் பொத்தினார். பிள்ளை நாலு நாளாகப் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனோம். உம்மா தேத்தண்ணீர் தந்தார், அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

'விளையாட்டென்றால் அப்படித்தான், சத்தமில்லாமல் கிரிக்கெட்டா?' என்கிறீர்கள். சத்தம் வேண்டாம் என்று யார் சொன்னது? நன்றாகக் கத்துங்கள், றபான் அடியுங்கள், ஆறு ஓட்டத்துக்கு வெடியும் கொளுத்துங்கள். ஒரு பிள்ளையின் பிழைக்குக் கத்தாதீர்கள். அவன் வாப்பாவின் தொழிலை மைக்கில் ஏற்றாதீர்கள். அந்த வாப்பா விற்ற மீனைத்தான் அன்றைக்குப் பகலும் தின்றுவிட்டு மைதானத்துக்கு வந்தோம்.

பெருநாள் சுற்றுப்போட்டிக்குப் பாடசாலை மைதானத்தைக் கேட்டுக் கழகங்கள் கடிதம் தந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் கூட்டம். கயிறு நாங்கள் கட்டுகிறோம். கயிற்றோரம் நிற்க ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் வேண்டும், பெயர் தாருங்கள். மைக் யாருடைய கையில் என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும், கிண்ணத்துக்கு யார் அனுசரணை என்பதைப் பிறகு பார்க்கலாம். போன சனிக்கிழமை மைக் பிடித்த தம்பியும் வர வேண்டும். வருவதற்கு முன், மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள அந்த வீட்டுக்கு ஒரு தரம் போய்விட்டு வரட்டும். தனியே போகக் கூச்சமென்றால் சொல்லட்டும், நாங்களும் கூட வருகிறோம்.