கோவில் கம்ப்யூட்டர்ல ஓசி பில்டர் வேண்டாம்

சிம்பாங் அம்பாட்ல கோவில் தொண்டு செய்யுற நாங்க ஒரு விஷயத்தை மனசு விட்டு சொல்றோம்.

போன வருஷம் திருவிழா முடிஞ்சதும், நம்ம தம்பி ஒருத்தர் போட்டோ பளிச்சுன்னு வரணும்னு ஒரு பில்டரை இறக்கி போட்டோஷாப்ல சேர்த்தார். காசு கொடுத்து வாங்க வேண்டியதை ஓசியா கொடுத்த இடம் அது. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு போடுங்க"ன்னு அங்கேயே எழுதியிருந்துச்சு. ரெண்டு நாள்ல உபயக்காரர் லிஸ்ட், அன்னதானக் கணக்கு எதுவுமே திறக்கல. நோட்டுப் புத்தகத்துலயும் எழுதி வெச்சிருந்ததால தப்பிச்சோம். ஆனா அந்த லிஸ்ட்ல உங்க பேரும் போன் நம்பரும் இருந்துச்சு. அதான் எங்களுக்கு உறுத்துது.

தம்பியைத் திட்டாதீங்க. "மத்த கோவில் போட்டோ மாதிரி ஏன் இல்ல?"ன்னு அவசரப்படுத்தினதே நாமதான்.

பில்டர்னா படத்து மேல வைக்கிற கலர் கண்ணாடின்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. பிளகின் ஒரு முழு புரோகிராம். அட்மின் அனுமதி கொடுத்து இன்ஸ்டால் பண்ணினா, கம்ப்யூட்டர்ல உள்ள எதையும் அது தொடலாம். நாங்க பேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க. எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத ஸ்பேர் பார்ட்டை மெஷின்ல மாட்ட விட மாட்டோம். கோவில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் விட்டோம்?

"கோவில் காசுல பில்டர் வாங்கணுமா?"ன்னு கேட்பீங்க. வேண்டாம். கிம்ப் மென்பொருளும் அதுக்கான ஜிமிக் பில்டர்களும் முறையாவே இலவசம். நிக் கலெக்‌ஷனை கூகள் 2016-ல இலவசமா கொடுத்துச்சு; 2017-ல டிஎக்ஸ்ஓ வாங்கின பிறகு வந்த புது பதிப்புகளுக்கு காசு. "புதுசும் இலவசம்"னு வேற யாராவது கொடுத்தா யோசிங்க.

எங்க கருத்து இதுதான். செஞ்சவங்க சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னா அங்கேயே நிறுத்துங்க. கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டோ வேலையே வேண்டாம்.

சந்தனமும் குங்குமமும் இருக்கிற நிறத்துலயே அழகு. சாமி முகத்துக்கு வேண்டிய பளபளப்பு அபிஷேகத்துலயே வந்துடுது.

முருகா சரணம்.