பாட்டியின் டின்னில் பத்துக் காசு



தோட்டத்து லயத்தை விட்டுப் பாசிர் கூடாங் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தது ஒரு குடும்பம். சாமான்களைப் பிரித்தபோது பாட்டியின் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே கறுத்துப்போன காசுகள். மருமகள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பழைய சாமான் வாங்க வந்தவர் எல்லாவற்றையும் ஒரே குவியலாக நிறுத்து எடுத்துப்போனார். அதில் என்னென்ன இருந்தன என்று இன்று யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் இப்படி நடக்க வேண்டாம். காசைப் பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட மலாயா பத்துக் காசு இரண்டை எடுங்கள். ஒன்று 1945, மற்றொன்று 1948 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மன்னர் தலையைச் சுற்றியுள்ள ஆங்கில எழுத்துகளைப் படியுங்கள். முதல் காசில் 'எம்பரர் ஆஃப் இந்தியா', அதாவது இந்தியாவின் பேரரசர் என்றிருக்கும். இரண்டாவதில் 'கிங் ஜார்ஜ் தி சிக்ஸ்த்' என்று மட்டுமே இருக்கும். ஏன்? 1947இல் இந்தியா விடுதலை அடைந்தது. 1948இல் அந்தப் பட்டம் போயிற்று. நம் முன்னோர் பிறந்த நாட்டின் விடுதலை, ஜோகூர் தோட்டத்துச் சம்பளக் காசிலும் பதிந்துவிட்டது!

உலோகமும் மாறியது. 1939, 1941 பத்துக் காசில் முக்கால் பங்கு வெள்ளி; 1943, 1945இல் பாதி; 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். 1943 என்ற ஆண்டைக் கண்டு வியக்க வேண்டாம். அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. மக்கள் கையில் வாழைமர நோட்டு. அந்தக் காசுகள் வெளிநாட்டில் அடிக்கப்பட்டு, போர் முடிந்தபின் இங்கே புழங்கியவை.

இன்னும் பழைய ஒரு வெள்ளி நாணயம் இருக்கிறதா? 1903, 1904ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற நாணயம் ஏறக்குறைய 27 கிராம். வெள்ளி உலோகத்தின் விலை ஏறியதால் 1907இல் அதைச் சிறிதாக்கி 20 கிராமுக்குக் குறைத்தார்கள். 1919, 1920 நாணயம் 17 கிராம்தான். அதிலும் பாதிதான் வெள்ளி. 1903 நாணயத்தில் 'பி' என்ற சிறு எழுத்தைத் தேடுங்கள். அது பம்பாய் நாணயச் சாலையின் அடையாளம். சிலவற்றில் அது புடைத்திருக்கும்; சிலவற்றில் குழிந்திருக்கும். சேகரிப்போர் இவற்றை இரு வகையாகவே பிரிக்கிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, புளியும் சாம்பலும் வேண்டாம். தேய்த்த காசின் மதிப்புக் குறையும். ஆண்டு, எழுத்து, எடை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, காசுகளைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வையுங்கள். விற்பதானால் குவியலாக விற்காதீர்கள். ஒவ்வொன்றாகக் காட்டி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

விற்காவிட்டாலும் நட்டமில்லை. பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "இந்தக் காசுக்கு அப்போ என்ன வாங்குவீங்க, பாட்டி?" அந்தப் பதிலையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.